விளையாட்டோ, வாணிகமோ?

விமானப் பந்தயத்தில் ஈடுபடுதலும் பழைய மோட்டார் வண்டிகளைப் புதுக்குதலும் பெரும்பொருள் விழுங்கும் பொழுதுபோக்குகள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இவற்றால் நேர்ந்த நட்டத்தைத் தம் பிற வருவாயினின்று கழித்து, எஞ்சியதற்கே வரி செலுத்த முற்படுவோர் உளர். அது தகுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வருமானவரிச் சட்டத்தில் 1969-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 183-ஆம் பிரிவு, இலாப நோக்கின்றிச் செய்வதன் நட்டத்தை அங்ஙனம் கழித்தல் ஆகாது என்கின்றது. தொடர்ந்த 5 ஆண்டுகளுள் 3-இல் இலாபம் கண்டோர்க்கு அந்நோக்கம் உண்டென்றே கொள்ளப்படும். குதிரை வளர்ப்போர்க்கு 7 ஆண்டுகளுள் 2 போதும். மறுப்பதாயின், வரித்துறையே மெய்ப்பிக்க வேண்டும்.

அவ்வளவு இலாபம் காணாதார் நிலை என்னை? அவர் செயலை ஆராய 9 குறிப்புகள் விதிகளில் உள. கணக்கேடு ஒழுங்காக எழுதினாரா? வல்லுநரை நாடினாரா? நட்டம் கண்டபின் முறையை மாற்றினாரா? அதில் அவர் இன்புற்றதும் ஒரு குறிப்பே. ஆயினும் அஃதொன்றாலேயே அவர் வழக்கிழப்பதில்லை. வாய்ச்சொல்லினும் செயலுக்கே மதிப்பு மிகுதி.

ஒருவர் விளையாட்டின் செலவைப் பிறர் வரி தாங்குதல் முறையன்று. மெய்யாய் உழைத்து இழந்தவரை விளையாடினார் என்று தள்ளுதலும் முறையன்று. ஆதலின், கணக்கேட்டை நாள்தோறும் எழுதுதலே நேர்மையாளர்க்குச் சிறந்த சான்றாம் என்பது எம் துணிபு.