சூரியன் நீரை இறைக்கும். மீதி வேலை யாருடையது?



கிராமங்களின் குடிநீருக்காக உங்களில் அநேகர் அன்போடு காணிக்கை அனுப்புகிறீர்கள். ஒரு சோலார் பம்பு வாங்கிக் கொடுத்துவிட்டால் கிராமத்தின் தாகம் தீர்ந்துவிடுமா? இப்பாடத்தில் இதைச் சற்று ஆராய்வோம்.

1. மாலி நாட்டின் அனுபவம்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டை 1970-களின் தொடக்கத்தில் கொடிய வறட்சி வாட்டியது. அங்கே ஊழியம் செய்த பெர்னார் வெர்ஸ்பீரன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ‘மாலி ஆக்வா விவா’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஆழ்துளைக் கிணறுகள் அமைத்தார். பூமிக்கடியில் நீர் இருந்தது. அதை மேலே கொண்டுவருவதே பாடாயிருந்தது. கைப்பம்பில் கிடைப்பது கொஞ்சம். டீசல் பம்புக்கோ எண்ணெயும் மெக்கானிக்கும் வெகுதொலைவிலிருந்து வரவேண்டும். ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 1977-ல் நபாஸோ என்ற கிராமத்தில் சூரிய சக்தியால் இயங்கும் பம்பு நிறுவப்பட்டது.

2. இது எவ்வாறு இயங்குகிறது?

சோலார் தகட்டின்மேல் வெயில் பட்டதும் மின்சாரம் உண்டாகிறது. அது கிணற்றுக்குள் இருக்கும் பம்பை ஓட்டி, நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. பாட்டரி தேவையில்லை, பகலில் நிரம்பும் தொட்டியே சேமிப்பு.

ஒரு கணக்கைப் பாருங்கள். 500 பேருக்கு, ஆளுக்கு 20 லிட்டர் வீதம், நாளொன்றுக்கு 10,000 லிட்டர் வேண்டும். இதை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பில் வீணாகும் சக்தியையும் சேர்த்து, ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் போதும். நல்ல வெயிலில் 1 கிலோவாட் தகடுகள் ஒரே நாளில் இதைத் தந்துவிடும்.

3. இறைத்த நீரெல்லாம் சுத்த நீரா?

அல்ல. மூடிய ஆழ்துளைக் கிணறு, திறந்த குளத்தைவிட மிகவும் பாதுகாப்பானது. குளத்து நீரால் பரவும் நரம்புச் சிலந்தி நோய் அதில் வராது. ஆனாலும் அருகில் கழிப்பிடம் இருந்தால் கிருமிகள் கசிந்து சேரலாம். சில இடங்களில் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து வரும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பற்களுக்கும் எலும்புகளுக்கும் கேடு. குளோரின் கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை நீக்காது. ஆகவே தகடு வாங்குமுன் நீரைப் பரிசோதிக்க வேண்டும். தொட்டிக்கு மூடி வேண்டும். வீட்டுக் குடமும் சுத்தமாயிருக்க வேண்டும்.

4. பழுதானால் யார் பார்ப்பது?

தகடுகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். பம்பும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் அதற்கு முன்பே பழுதாகும். சிறிய உதிரிபாகம் ஒன்று கிடைக்காமல் பம்பு நின்றுபோனால், தாய்மார் மறுபடியும் பழைய குளத்துக்கே குடம் எடுத்துச் செல்வார்கள். வயிற்றுப்போக்கும் குழந்தைகளிடம் திரும்பி வரும். இதைத் தடுக்க மூன்று காரியங்கள் அவசியம்: தகட்டின் தூசியைத் துடைத்துச் சிறு பழுதுகளைப் பார்க்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள், வீட்டுக்கு வீடு சிறு மாதச் சந்தா, அதற்குக் கணக்கு வைக்கும் கிராமக் குழு.

கொடுப்பவர்கள் பம்பின் விலையை மட்டும் எண்ணாமல், பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேர்த்தே கொடுப்பது நலம்.

கூடிப் பேச:

அ) நாம் உதவும் கிராமத்தில் நீர் பரிசோதிக்கப்பட்டதா?

ஆ) பம்பு நின்றால் முதலில் யாரிடம் சொல்வார்கள்?

இ) ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதைப் பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வரும்?