சினைப்பசுவை எதுவரை கறக்கலாம்?

காளைக்கு விட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 280 நாட்களில் பசு கன்று ஈனும். இக்காலத்தில் அதன் சூலகத்தில் சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் மடியிலுள்ள பாற்சுரப்பிகளை வளர்க்க உதவுகிறது. அதேவேளை பால் பெருகாமல் தடுத்தும் வைக்கிறது. ஈனுவதற்கு ஓரிரு நாள் இருக்கையில் இந்த ஓமோன் சடுதியாகக் குறைகிறது. தடை நீங்கவே, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் புரோலக்ரின் மேலோங்கி, பால் பெருகுகிறது. தலையீற்று நாகில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

முன்னமே கறவையிலுள்ள பசுவில் அந்தத் தடை முழுதாகப் பலிக்காது. கறக்கும்வரை சினையிலும் பால் வரும். ஆகவே நாமேதான் நிறுத்தவேண்டும்: 220ஆம் நாளிலிருந்து, அதாவது ஈனுமுன் 60 நாட்கள், கறக்காதீர்கள். இடம்பெயர்ந்து ஒரேயொரு பசுவை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, பிள்ளைகளின் தேநீருக்கும் பால் இல்லாத இந்த இரண்டு மாதம் கடினந்தான். ஆயினும் இந்த ஓய்விலேதான் மடியின் பழைய கலங்கள் போய்ப் புதியவை உண்டாகின்றன. ஓய்வில்லாவிட்டால் அடுத்த ஈற்றுப் பால் குறையும்.

நிறுத்துமுன் சில நாட்கள் தவிடு, புண்ணாக்கைக் குறையுங்கள். நிறுத்தியபின் மடி வீங்குவது இயல்பு. இரக்கப்பட்டு இடையில் கறந்தால் மறுபடி சுரக்கும். மடி சூடேறி நொந்தாலோ, பசு தீன் எடுக்காவிட்டாலோ தாமதியாமல் மிருகவைத்தியரிடம் காட்டுங்கள்.