உயிரணு உருமாற்றமும் வாய்ப் புற்றுநோயும்: ஆராய்ச்சிக்கூடம் கிராமத்துக்குத் தரும் பாடம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் காஞ்சிரங்குளம் உள்ளது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிர்வாகத்தைப் பிரித்ததேயன்றிப் பழக்கவழக்கங்களைப் பிரிக்கவில்லை. தமிழில் ‘வெற்றிலை போடுதல்’ என்றும் மலையாளத்தில் ‘முறுக்கான்’ என்றும் வழங்கும் பழக்கம் இரு புறத்துக்கும் பொதுவானது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு புகையிலையும் சேரும்போது, அந்தத் தாம்பூலம் வாய்க்குள் நிகழும் ஓர் இரசாயனச் செயலாகிறது. அதன் விளைவை அறிய, ஒரு கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களை முதலில் நோக்குவது பயன் தரும்.

திசு வளர்ப்பில் கண்ட உண்மை

தொழில்வழி நேரும் புற்றுநோயை 1775ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் சுட்டிக்காட்டினார். புகைபோக்கி துடைப்போரை வாட்டிய நோய்க்குக் கரிப்புகையே காரணம் என்றார் அவர். 1915இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா இருவரும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து பூசிப் புற்றுக்கட்டியை உண்டாக்கினர். ஆயினும் ஒரு பொருள் நேரடியாக உயிரணுவை மாற்றுகிறதா, அல்லது உடலின் பிற இயக்கங்கள் வழியாக மாற்றுகிறதா என்பது விலங்குச் சோதனையால் மட்டும் தெளிவாகவில்லை. உடலுக்கு வெளியே உயிரணுக்களை வளர்க்கும் திசு வளர்ப்பு முறை இவ்வையத்தைத் தீர்க்க உதவியது.

1943இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஏர்ல் என்பவர் சுண்டெலியின் உயிரணுக்களை மீதைல்கொலாந்திரீன் என்னும் பொருளில் வைத்து வளர்த்தார். அவை புற்றுத்தன்மை பெற்றன. ஆனால் அப்பொருள் படாத உயிரணுக்களும் நாளடைவில் புற்றுத்தன்மை பெற்றுவிட்டன! ஆகவே, தானாக மாறாத உயிரணுக்களைக் கொண்ட நம்பகமான ஒப்பீடு தேவை என்பது உணரப்பட்டது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பெர்வால்ட், சாக்ஸ் இருவரும் 1963இல் அத்தகைய ஒப்பீட்டைச் செய்து காட்டினர். வெள்ளெலிக் கருவின் உயிரணுக்கள் இயல்பாக ஒழுங்கான வரிசையில் தட்டையாகப் பரவுகின்றன. பென்சோபைரீன் போன்ற பொருள்கள் பட்டபின் சில கூட்டங்கள் வரிசை குலைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வளர்ந்தன. இதுவே ‘உருமாற்றம்’ எனப்படுகிறது. அண்டை உயிரணு தொட்டவுடன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டை அவை இழந்துவிடுகின்றன. இவ்வாறு உருமாறியவற்றை விலங்கின் உடலில் செலுத்தியபோது கட்டிகள் தோன்றின.

மாற்றம் நிகழும் விதம்

பென்சோபைரீன் போன்ற பல பொருள்கள் உள்ளே நுழையும் நிலையில் வீரியம் குறைந்தவை. அவற்றை நீரில் கரையச் செய்து வெளியேற்ற உயிரணுவின் நொதிகள் முயல்கின்றன. அம்முயற்சியின் இடையிலேயே தீவிரமாக வினைபுரியும் பொருள்கள் உண்டாகி, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதியர் இவ்வுண்மையை நிலைநாட்டினர்.

இச்சேதத்தைப் பழுதுபார்க்கும் ஏற்பாடும் உயிரணுவில் உண்டு. பழுது நீங்குமுன் உயிரணு பிளவுபட்டால், பிழை நிலையான பிழையாகி வழித்தோன்றல்களுக்கும் செல்லும். 1979இல் வைன்பர்க் குழுவினர், இரசாயனத்தால் உருமாறிய சுண்டெலி உயிரணுக்களின் டி.என்.ஏ.வைப் பிரித்து இயல்பான உயிரணுக்களில் புகுத்தினர், அவையும் உருமாறின. நோயின் வித்து மரபுப் பொருளிலேயே உள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று. மனிதனின் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து எடுத்த ‘ராஸ்’ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது 1982இல் கண்டறியப்பட்டது.

ஆனால் ஒரு பிழையால் மட்டும் புற்றுநோய் முற்றிவிடுவதில்லை. 1976இல் ஹைடல்பெர்கர் குழுவினர் சுண்டெலி உயிரணுக்களுக்குப் புற்றூக்கியைச் சிறிதளவே கொடுத்தனர். உருமாற்றம் மிகக் குறைவாகவே நிகழ்ந்தது. பின்னர் நேர்வாள எண்ணெயிலிருந்து பெறப்படும் போர்பால் எஸ்டரைத் தொடர்ந்து சேர்த்தபோது உருமாற்றம் பெருகியது. முதலாவது பொருள் தொடங்கி வைக்கிறது, இரண்டாவது வளர்த்தெடுக்கிறது. தொடங்கி வைத்த மாற்றம் மீளாதது. வளர்த்தெடுக்கும் விளைவோ, தூண்டல் நின்றால் பெரிதும் தணியக்கூடியது. மேலும், எலி உயிரணுக்களைப் போல மனித உயிரணுக்கள் எளிதில் உருமாறுவதில்லை. பல தடைகளை ஒவ்வொன்றாகக் கடந்தாக வேண்டும். இத்தாமதமே தடுப்புப் பணிக்குக் கிடைக்கும் அவகாசம்.

தாம்பூலத்தில் உள்ளவை

புகையிலையில் நைட்ரோசமைன்கள் எனப்படும் புற்றூக்கிகள் உள்ளன. பாக்கிலுள்ள அரெகோலினிலிருந்தும் அவ்வகைப் பொருள்கள் உண்டாகலாம். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால், பாக்கின் பொருள்களிலிருந்து உயிரணுவைத் தாக்கும் ஆக்சிஜன் கூறுகள் எழுகின்றன. வாயின் மென்தோலும் ஓயாமல் உறுத்தப்படுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் முன்னின்று நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்புத் தட்டிலுள்ள மனிதக் கன்ன உயிரணுக்களைப் பாக்குச் சார்ந்த பொருள்கள் சேதப்படுத்துவது காணப்பட்டது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்டது. ‘புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்னும் ஆறுதலுக்கு இனி இடமில்லை.

கேரளத்தின் அனுபவம்

தட்டில் கண்ட படிநிலைகள் வாயில் கண்ணுக்கே தெரிகின்றன என்பது இந்நோயின் சிறப்பியல்பு. வெண்திட்டு, செந்திட்டு, வாய் திறக்க இயலாத இறுக்கம் ஆகியவை பலரிடம் புற்றுக்கு முன்னரே தோன்றுகின்றன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் எர்ணாகுளம் உட்பட மூன்று மாவட்டங்களில் சுமார் 36,000 புகையிலைப் பழக்கமுடையோரிடம் அறிவுரைப் பணி நடத்தி, 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். எர்ணாகுளத்தில் பழக்கத்தைக் கைவிட்டோர் பெருகினர். புதிதாக வெண்திட்டு தோன்றுவதும் குறைந்தது.

திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1981இல் நிறுவப்பட்டது. அம்மையம் 1996 முதல் அம்மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 35 வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே ஓர் ஆய்வை நடத்தியது. 7 ஊராட்சிகளில் வாய்ப் பரிசோதனை நடந்தது. 6 ஒப்பீட்டுக்காக விடப்பட்டன. பரிசோதித்தோர் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணுமே. 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது. மக்கள் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது தெரிந்த குறைவு, புள்ளியியல் முறையில் உறுதியாகவில்லை.

இவ்வேறுபாடு திட்டமிடுவோர் கருத்தில் கொள்ளத்தக்கது. இதே ஆய்வின் செலவுக் கணக்கு 2009இல் வெளியாயிற்று. காப்பாற்றப்படும் ஓர் ஆயுள் ஆண்டுக்கு, அனைவரையும் பரிசோதித்தால் 835 டாலரும், ஆபத்து மிக்கோரை மட்டும் பரிசோதித்தால் 156 டாலரும் செலவாகும். குறைந்த நிதியைக் கொண்ட நாட்டில், யாரை முதலில் பரிசோதிப்பது என்பதற்கு இதுவே விடை.

செய்ய வேண்டியவை

குட்காவைக் கேரளம் 2012லும் தமிழ்நாடு 2013லும் தடை செய்தன. வீட்டு வெற்றிலைச் செல்லத்தைத் தடையாணை எட்டாது. அங்கே செல்லக்கூடியவை அறிவும் நட்பான அறிவுரையுமே. 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றில் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்த மத்திய அரசு 2016இல் வழிமுறை வகுத்தது. அதனை நிறைவேற்றும் ஊழியர் வீட்டுக்கு வரும்போது, தாம்பூலப் பழக்கமுள்ள முதியோரை, குறிப்பாகக் கூச்சத்தால் ஒதுங்கும் பெண்களை, முதற்கண் நாடவேண்டும். எல்லைப்புற ஊர்களில் துண்டறிக்கை மலையாளத்தோடு தமிழிலும் இருத்தல் நலம்.

தொடங்கிவிட்ட மாற்றத்தை நாம் திரும்பப் பெற இயலாது. ஆனால் அதனை வளர்த்தெடுக்கும் அன்றாடத் தூண்டலை இன்றே நிறுத்த இயலும். வளர்ந்ததைத் திட்டாக இருக்கும்போதே காண இயலும். ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடித் தட்டு தரும் பாடம் இதுவே.