உறைபனியில் நாற்றுகளைக் காக்க

ஊட்டிப் பக்கம் பிப்ரவரியிலும் உறைபனி விழும். இரவில் வானம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் உஷாராகுங்கள்.

1. மதியமே பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும்.

2. பொழுது சாய்வதற்குள் செடிகளைப் பழைய சேலை, சாக்கு கொண்டு மூடுங்கள். ஓரம் தரையில் படிந்திருக்க வேண்டும். ஓரத்தின் மேல் கல் வையுங்கள். மண்ணிலிருந்து எழும் சூடுதான் செடியைக் காப்பாற்றும். பிளாஸ்டிக் ஷீட் என்றால் குச்சி நட்டு, அதன்மேல் விரியுங்கள். இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகிவிடும்.

3. வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள், உள்ளே புழுங்கும்.

4. கருகிய இலையை உடனே வெட்டாதீர்கள். அடுத்த பனியில் கீழுள்ள துளிருக்கு அதுவே மறைப்பு.

5. பள்ளத்துப் பாத்தியை முதலில் மூடுங்கள். குளிர்காற்று அங்கேதான் தேங்கும்.

துணி போதாவிட்டால் பீன்ஸுக்கும் உருளைக்கும் கொடுங்கள். கேரட், முட்டைக்கோஸ் லேசான பனியைத் தாங்கும்.