தொப்பூர்ச் சாலையோர வீட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் தேர்வில் ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்துமா என்று பார்ப்பது பாதி வேலை. அது உட்காரப்போகும் அறையும், அந்த அறைக்கு வெளியே இருக்கும் ஊரும் மீதிப் பாதி. தருமபுரி மாவட்டம் தொப்பூரில் இது நன்றாகவே தெரியும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இங்கே கணவாயைக் கடக்கிறது. சேலம் பக்கமிருந்து பாரத்தோடு வரும் லாரி கீழ் கியரில் திணறி ஏறும். தருமபுரி பக்கமிருந்து வருவது பிரேக்கை மிதித்தபடி இறங்கும். ராத்திரியிலும் ஓய்வில்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவே பாட்டுக் கேட்க நினைப்பவர் முதலில் அந்த லாரியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது, அதன் சிலிண்டர்களில் விநாடிக்கு 75 முறை எரிபொருள் வெடிக்கிறது. உறுமலின் அடிநாதம் ஆக 75 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்கி இந்த இடத்தைத் தாண்டித்தான் மேலே போகிறது. மிருதங்கத் தொப்பியின் கும்கியும் இதற்கு அக்கம்பக்கத்தில்தான். லாரி ஏறும்போது பாட்டில் முதலில் காணாமல் போவது பேஸ் என்பதற்குக் காரணம் இது. உடனே பேஸ் குமிழைத் திருப்பிக் கூட்டத் தோன்றும். சின்ன ஸ்பீக்கர்களின் ஆயுள் குறைவது அப்படித்தான்.

எந்த ஸ்பீக்கரின் விவரத் தாளிலும் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் கிடைக்கிறது என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 84-க்கும் 90-க்கும் இடையில் நிற்கும். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். காதுக்கு ஒலி இரு மடங்கானதாகத் தோன்ற 10 டெசிபல் தேவை. அதற்கு வாட் 10 மடங்கு.

எட்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்காரும் சின்ன அறையை எடுத்துக்கொண்டால், 86 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடி 1 வாட்டுக்குச் சுமார் 83 டெசிபலைக் காதுக்குச் சேர்க்கும். அளவான சத்தத்தில் ஓடும் பாட்டிலும் தாளத்தின் அடிகள் 95 வரை துள்ளும். அந்த 12 டெசிபல் வித்தியாசத்துக்கு 16 வாட் போதும். ஊருக்குள் தள்ளியிருக்கும் வீட்டில் கணக்கு இத்தோடு முடிந்தது. 30 வாட் ஆம்ப் தாராளம். சாலையோர வீட்டில் அப்படி முடியாது. லாரியை மீறிப் பாட்டின் மெல்லிய இடங்கள் காதில் விழ வேண்டுமென்று 6 டெசிபல் கூட்டினாலே 16 வாட் 64 ஆகிவிடுகிறது. 82 டெசிபல் ஸ்பீக்கராக இருந்தால் 160 வாட் கேட்கும். 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே வேலைக்கு 16 வாட் போதும்.

இதற்கு நல்ல உதாரணம் பிபிசி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காகப் பிறந்த சின்னப் பெட்டி அது. அடைத்த பெட்டி, ஐந்து அங்குலக் கோன். பாடுபவரின் குரலை அது காட்டும் தெளிவுக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் சென்சிட்டிவிட்டி 83 டெசிபலை ஒட்டித்தான். பின்கட்டு அறையில், அருகே உட்கார்ந்து, கதவை மூடிக் கேட்பவருக்கு அந்த வகைப் பெட்டி பொக்கிஷம். நெடுஞ்சாலையைப் பார்த்த முன்னறையில் அதை வைத்தால் அதன் நயம் எதுவும் வெளியே வராது. விலை உயர்ந்ததும் பேர் பெற்றதுமே எங்கும் நன்றாக ஒலிக்கும் என்ற நம்பிக்கையில் நிறையப் பணம் வீணாகிறது.

வாட் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. கேசட் செட் காலத்தில் பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. எண்ணுக்கு ஒலியோடு சம்பந்தமே கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதுவும் எத்தனை ஓமில் என்று சேர்த்து. சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் ஆபத்து. திராணிக்கு மேல் திருப்பினால் ஆம்ப் அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டு மேல் சுருதிகளாக மாறி ட்வீட்டருக்குப் போகிறது. 20 வாட் ஆம்பை முழுக்கத் திருப்பி வைப்பதால் எரிந்துபோகும் ட்வீட்டர்கள் ஏராளம். 60 வாட் ஆம்பைப் பாதி திருப்பிக் கேட்கும் வீட்டில் அவை வருடக்கணக்கில் உழைக்கும்.

ஆம்போடு பொருத்தம் பார்க்கும்போது அடுத்தது ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் எந்த ஆம்புக்கும் பாரமில்லை. 4 ஓம் அதைப்போல இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தருமபுரி, சேலம் வட்டாரத்தில் மெக்கானிக் கையால் அசெம்பிள் செய்த செட்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன: 3055 டிரான்சிஸ்டர் போட்டவை, எஸ்.டி.கே. போர்டு போட்டவை, இப்போதைய கிளாஸ்-டி போர்டுகள். அவற்றின் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்கும் 8 ஓமை மனதில் வைத்துப் போட்டதாக இருந்தால், சித்திரை வெயிலில் 4 ஓம் ஜோடியை மாட்டுவது வம்பு. ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஜோடிகளைச் சேர்த்து இணைத்தாலும் 4 ஓம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மரோடு வந்த கம்பெனி ஆம்பில் 4 ஓமுக்கான வாட் தனியாக எழுதியிருக்கும், எழுதியிருந்தால் பயமில்லை.

அறை விஷயம் இதைவிட முக்கியம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரத் தளம், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை: நம் ஊர் வீடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அறை இதுதான். ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் அரிது. ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும் முதல் சுருதி 57 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று அதிர்வும் ஒரே சுருதியில் வந்து குவிகின்றன. அந்த ஒரு சுருதி மட்டும் கும்மென்று வீங்கும், மற்ற பேஸ் மெலியும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீளத்தின் அதிர்வு 47 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் குவியல் கொஞ்சம் பிரிகிறது. இரண்டு அறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சதுர அறையை விட்டுவிட வேண்டும்.

அதனால்தான் பெட்டியின் வகை கவனிக்கத் தக்கது. எட்கர் வில்ச்சூர் 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை, காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும். அதில் பேஸ் சீக்கிரமே குறையத் தொடங்கினாலும் மெதுவாகத்தான் இறங்கும். சுவரை ஒட்டி வைக்கும்போது சுவர் அந்தக் குறையை நிரப்பிக் கொடுக்கும். கடப்பாக்கல் பதித்த செல்ஃப்தான் ஸ்பீக்கருக்கு இடம் என்றால் அடைத்த பெட்டியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். குழாய் வைத்த போர்ட் பெட்டி அதே அளவில் இன்னும் ஆழமான பேஸ் கொடுக்கும், சென்சிட்டிவிட்டியும் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் இரண்டடியாவது இடம் விட வேண்டும். பின்பக்கம் குழாய் உள்ளதை மாடத்துக்குள் தள்ளினால் குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். இன்னொன்றும் உண்டு: குழாயின் சுருதிக்குக் கீழே போர்ட் பெட்டியின் கோனுக்குப் பிடிமானம் இல்லை. லாரிக்குப் போட்டியாக பேஸ் குமிழைக் கூட்டும் வீட்டில் அந்தக் கோன் எல்லை தாண்டி அடித்து, காயில் தட்டும். குழாயின் வாயில் வலை ஒட்டுவதும் நல்லது. பல்லி, கரப்பான், சுண்டெலி எல்லாவற்றுக்கும் அது வசதியான வீடு.

தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கரா, ஸ்டாண்டில் வைக்கும் சின்னதா என்ற கேள்விக்குப் பத்துக்குப் பத்து அறையில் ஒரே பதில்தான்: சின்னது. பதினைந்துக்கு இருபது அடிக் கூடம் இருந்தால் உயரமானது தன் தகுதியைக் காட்டும். அதை வாங்குபவர் வீடு எப்படிச் சுத்தமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளி, செவ்வாயில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் வீட்டில் எம்.டி.எஃப். பலகையின் அடிப்பாகம் இரண்டே வருடத்தில் உப்பிப் பிளக்கும். இரண்டங்குலக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தினால் பிழைக்கும்.

விசேஷத்துக்கு வாடகைக்குப் போகும் 12 அங்குல மேடைப் பெட்டிகளைச் சிலர் வீட்டில் வைக்கிறார்கள். சென்சிட்டிவிட்டி 95-ஐத் தாண்டும், ஆகவே வாட் பிரச்சினை கிடையாது. ஆனால் அது ஐம்பதடி தூரத்துக்குக் குரலை எறியச் செய்தது. எட்டடியில் பல் கூசும். ஹோம் தியேட்டர் செட்டும் சவுண்ட்பாரும் படத்துக்கு. ஒரு நாதஸ்வரம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட அவற்றால் ஆகாது.

ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் பொருத்தம் பார்க்கும் தலைவலியை ஒரே அடியில் தீர்க்கிறது. வெளிநாட்டுப் பேர்களோடு, 1970-களிலிருந்து இயங்கும் கொல்கத்தாவின் சோனோடைனும் இந்த வகையைச் செய்கிறது. இருபுறமும் பிளக் பாயின்ட் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். கரன்ட் போனதும் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் இரைச்சல் கேட்கும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை குறைவு. ஏற்கெனவே நல்ல ஆம்ப் இல்லாதவருக்கு, அளவான பணத்தில் இதுவே சிறந்த வழி. நல்ல ஆம்ப் இருந்தால் ஆக்டிவ் வாங்க வேண்டிய அவசியமில்லை.

பழைய ஸ்பீக்கர் வாங்குவது தவறில்லை. முதலில் கோனைச் சுற்றிய விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நுரைப் பஞ்சு விளிம்பு பத்துப் பதினைந்து வருடத்தில் பிசுபிசுத்து உதிரும். ரப்பரும் துணியும் அதைவிட நீண்டு நிற்கும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெல்ல, சமமாக உள்ளே அழுத்த வேண்டும். கரகரவென்று உரசினால் காயில் கோணியிருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டினால் டப்பென்று அடங்க வேண்டும். டொங்கென்று நீண்டால் அந்தப் பலகையும் பாட்டோடு சேர்ந்து பாடும்.

சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்க் கேட்டு வாங்குபவர் தனக்கு மனப்பாடமான பாட்டுகளையே கொண்டுபோக வேண்டும். 1950, 60-களின் மோனோ பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒத்த ஜோடியாக இருந்தால் பாடகரின் குரல் இரண்டுக்கும் நட்ட நடுவில், ஆள் நிற்பது போல நிற்கும். பக்கவாட்டில் நழுவினால் ஜோடி சரியில்லை. பேஸுக்கு 80-களின் இளையராஜா பாட்டு ஒன்று போதும்; பேஸ் கிதாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே பலத்தில் கேட்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது. 90 டெசிபல் ஸ்பீக்கர் 86-ஐவிடச் சத்தமாகப் பாடும், சத்தமாக இருப்பது காதுக்கு உசத்தியாகவே படும். கடையின் பெரிய ஹாலில் பேஸ் கொஞ்சம் மெலிந்து கேட்பதை வாங்கலாம். வீட்டுச் சுவர் அதை நிரப்பிவிடும்.

வீட்டில் சாலைக்கு எதிர்ப்பக்க அறை கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். சாலைப் பக்க ஜன்னல் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் ஹாரனும் டயர் இரைச்சலும் குறையும். 75 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அது ஈடுகொடுக்காது. கெட்டித் திரையும் தரையில் ஜமுக்காளமும் டைல்ஸ் அறையின் கணகணப்பை அடக்கும். ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் காதுவரை உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நல்லது. எல்லாம் செய்தும் பேஸ் காணவில்லை என்றால், லாரியைக் குறை சொல்லும் முன் வயரைப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, அதன் முனைகளில் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் போதும். வூஃபர் கோன் வெளியே துள்ளினால் சரி. உள்ளே போனால் அந்த ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு வயரையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும்.