வட்டிக் கணக்கு வீட்டுக்கு வரட்டும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் நம் பிள்ளைகள் கணித பாடத்தில் வட்டி, வரி, பங்குச் சந்தை முதலியவற்றைக் கற்கின்றனர். கணக்கைச் செய்து புள்ளியும் பெறுகின்றனர். ஆனால் அலுமாரியில் இருக்கும் அடகுச் சீட்டை எடுத்து வாசிக்கச் சொன்னால் எத்தனை பேர் விளங்கிக்கொள்வர்? படித்த கணக்கு வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதே நம் குறை.

முகத்துவாரத்தில் கடற்றொழிலையும் துறைமுக வேலையையும் நாட்கூலியையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் வருமானம் குறையும், செலவு குறையாது. அவ்வேளைதான் வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார். ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து பின்வரும் கணக்குகளைச் செய்து பார்ப்பது நன்று.

1. நாட்கடன்

10,000 ரூபா கடன் என்று சொல்லி, முதலிலேயே 1,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 9,000 ரூபாவைத் தருகிறார் ஒருவர். நாளொன்றுக்கு 200 ரூபா வீதம் 50 நாளில் கட்டி முடிக்க வேண்டும். "ஆயிரம் ரூபா தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் கட்டுவதால் அந்த 9,000 ரூபாவும் 50 நாளும் நம்மிடம் இருப்பதில்லை. சராசரியாகப் பாதியே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இது ஆண்டுக்கு நூற்றுக்கு 150க்கும் மேற்பட்ட வட்டியாகும்.

2. ஆள் சேர்க்கும் திட்டம்

"பணம் கட்டி இரண்டு பேரைச் சேர்த்துவிடு, இலாபம் வரும்" என்ற அழைப்பு இன்று கைத்தொலைபேசி வழியாகவே மாணவரைத் தேடி வருகிறது. ஒவ்வொருவரும் இருவரைச் சேர்த்தால் 10ஆம் படியில் 1,024 பேர் தேவை. 25ஆம் படியில் மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சம் பேர் தேவை. இலங்கையின் சனத்தொகையே அவ்வளவு இல்லை! கடைசியில் சேர்ந்தவர்களின் பணம் போயே தீரும். இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அவற்றுக்கு ஆள் சேர்ப்பதும் வங்கிச் சட்டப்படி குற்றம்.

3. சேமிப்பு

நம் நாட்டில் சேமிப்பு வங்கி 1832இலும், அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1885இலும் தொடங்கின. இவை இணைந்து 1972இல் தேசிய சேமிப்பு வங்கியாயின. அதிலுள்ள வைப்புக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கிறது. கிழமைக்கு 100 ரூபா போட்டால் ஆண்டில் 5,200 ரூபா சேரும். இது பெருந்தொகையன்று, ஆயினும் பாடசாலை தொடங்கும் மாதத்தில் அப்பியாசக் கொப்பிகளுக்காகக் கடன்படாமல் இருக்க உதவும்.

ஆனால் பணத்தின் பெறுமதி ஒரே நிலையில் நிற்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 70 உயர்ந்தது. 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு 170 ரூபா கொடுக்க நேர்ந்தது. எனவே வட்டி வீதத்தை விலைவாசியோடு ஒப்பிடவும் பிள்ளைகள் பழக வேண்டும்.

பெற்றோரே, வீட்டுக் கடனைப் பிள்ளைகளிடம் மறைப்பது அன்பு என எண்ணுகிறோம். மறைத்தால் அவர்களும் அதே வாசலில்தான் போய் நிற்பர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வரவையும் செலவையும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க:

அ) இம்மாத வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் பிள்ளையே எழுதட்டும்.

ஆ) அடகுச் சீட்டிலுள்ள வட்டியையும் மீட்கும் திகதியையும் வாசித்துக் காட்டட்டும்.

இ) மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபா வாங்கி, ஓராண்டு வட்டி மட்டும் கட்டினால் கட்டியது எவ்வளவு? மீதிக் கடன் எவ்வளவு? (விடை: கட்டியது 12,000 ரூபா, கடன் இன்னும் 10,000 ரூபா.)