பள்ளிவாசலில் கேமராவும் கையுமாக

மூணாறு போகிறவர்கள் பள்ளிவாசலை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1940-இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர். இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள், இயல்பான (‘கேண்டிட்’) படங்கள் எடுத்துப் பழகவும் ஏற்ற இடம்.

மூடுபனியின் வெண்மையில் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். கொழுந்து வெட்டும் கத்தரி ஓயாது. ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்கினால் கை கலங்கிவிடும். என்னைக் கேட்டால், கொழுந்தை எடை போடும் நேரம்தான் பொன்னான நேரம். தொழிலாளர்கள் சாக்கை இறக்கிவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து உதறி, கதை பேசத் தொடங்குவார்கள்.

கேட்காமல் எடுப்பதே ‘கேண்டிட்’ என்பாரும் உண்டு. அது திருட்டு. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தாம், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றாலே போதும். முதலில் விறைப்பாக நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் உங்களை மறந்து வேலையில் இறங்குவார்கள். அப்போது க்ளிக்குங்கள். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி தனி.

எடிட்டிங்கில் முதல் வேலை வெட்டுவது: ஓரத்தில் நீட்டும் முழங்கை, மின்கம்பம். ‘டீஹேஸ்’ பக்கம் போகாதீர்கள், பனியே போய்விடும். பச்சையின் சாச்சுரேஷனைச் சற்றுக் குறையுங்கள். தேயிலை கிளிப்பச்சை அல்ல.

படத்தை அதில் இருப்பவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால் தரம் குறையாது.